வீட்டின் குறுக்கே ஒரு வயதுக்கோடு: தடுப்பூசிக் காலத்துத் தம்பதிகள்

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் 45 வயது நிரம்பிய எவரும், நோய்ச் சான்று ஏதுமின்றி, கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்றானது. அரசாணையில் அது ஒரு வயது வரம்பு. நடுத்தர வயதுத் தம்பதிகள் வாழும் வீடுகளில் அது கணவரை ஒரு பக்கமும் மனைவியை மறுபக்கமும் நிறுத்தியது. நம் திருமணங்களில் கணவர் நான்கைந்து வயது மூத்தவராக இருப்பது பொது வழக்கம். அவருக்கு 47, அவருக்குச் சமைத்துப் போடும் மனைவிக்கு 42 என்றால், ஏப்ரலில் அவருக்கு ஊசி உண்டு, மனைவிக்கு இல்லை. ஒரே சமையலறை, ஒரே கழிப்பறை, பெரும்பாலும் ஒரே படுக்கையறை. பாதுகாப்பு மட்டும் பாதி.

வயதை அளவுகோலாக வைத்தது தவறென்று யாரும் சொல்ல முடியாது. கொரோனாவில் இறப்பு வயதோடு செங்குத்தாக ஏறியது. கையிலிருந்த ஊசி கொஞ்சம். ஆபத்து மிகுந்தவருக்கு முதலில் என்பது மருத்துவ நியாயம். ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களோடு தொடங்கிய திட்டம், பிப்ரவரியில் முன்களப் பணியாளர்கள், மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்கள், ஏப்ரலில் 45, மே 1 முதல் 18 என்று இறங்கி வந்தது. கணக்கு முழுவதும் தனிநபர் கணக்கு. ஆனால் ஊசி போட்டுக்கொள்வதா, எப்போது, யார் முதலில், எந்த மருந்து என்ற தீர்மானங்களைத் தனிநபர் தனியாக எடுக்கவில்லை. வீடு எடுத்தது, அதிலும் முக்கியமாகக் கணவனும் மனைவியும் எடுத்தார்கள். இந்த இரண்டு கணக்குகளும் பொருந்தாத இடங்களில்தான் அந்த ஆண்டின் வீட்டு வாழ்க்கை நடந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். ஆண்-பெண் இடைவெளி என்று பின்னர் புள்ளிவிவரத்தில் தெரிந்ததில் கணிசமான பகுதிக்குப் பெண்களின் 'தயக்கத்தை' மட்டும் காரணமாக்குவது சோம்பேறித்தனமான விளக்கம் என்றும் சொல்லப் பார்க்கிறேன்.

கோடு ஒரே ஒருமுறை விழுந்துவிட்டுப் போகவில்லை. 2022 ஜனவரி 10 முதல் 60 வயதைத் தாண்டியவர்களில் இணைநோய் உள்ளவர்களுக்கு 'முன்னெச்சரிக்கை டோஸ்' வந்தது. மார்ச்சில் இணைநோய் நிபந்தனையும் போயிற்று. அவர்களுக்கு அது இலவசம். ஏப்ரல் 10 முதல் 18 வயது நிரம்பியவர்களுக்கும் உண்டு என்றார்கள், ஆனால் தனியார் மையங்களில் மட்டும்: மருந்தின் விலை 225 ரூபாய், சேவைக் கட்டணம் அதிகபட்சம் 150. ஆக 62 வயதுக் கணவருக்கு மூன்றாம் ஊசி அரசு செலவில், 57 வயது மனைவிக்கு வீட்டுச் செலவில். ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு எல்லோருக்கும் இலவசம் என்று அறிவிக்கும்வரை இந்த நிலை நீடித்தது. மாதச் செலவில் மனைவியின் மருந்து எந்த வரிசையில் வரும் என்பது நம் வீடுகளுக்குத் தெரியாத விஷயமில்லை.

2021 மார்ச்சுக்குத் திரும்புவோம். 45 முதல் 59 வயதுக்குள் இருப்பவர் அப்போது ஊசி போட வேண்டுமானால், பட்டியலிடப்பட்ட 20 இணைநோய்களில் ஒன்று தமக்கு இருப்பதாகப் பதிவுபெற்ற மருத்துவரிடம் சான்று வாங்க வேண்டும். வெறும் சர்க்கரை போதாது. பத்தாண்டுகளுக்கு மேலாக அல்லது சிக்கல்களோடு, கூடவே ரத்தக் கொதிப்புக்குச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நோய் இருந்தால் மட்டும் போதாது, அது கண்டுபிடிக்கப்பட்டு, சீட்டில் எழுதப்பட்டு, கோப்பில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை செய்துகொள்பவரிடம் அந்தக் கோப்பு இருக்கும். கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு யாரும் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்காத பெண்ணிடம் இருக்காது.

அடுத்த வாசல் கைபேசி. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் அப்போது ஒரு கைபேசி எண்ணின் கீழ் நான்கு பேர்வரை பதிவு செய்ய முடிந்தது. குடும்பத்துக்கு உதவியாக வைத்த வசதிதான். அதன் விளைவு, பெரும்பாலான வீடுகளில் ஒரு எண், ஒரு ஓடிபி, ஒருவர் கையில் எல்லோருடைய வரிசையும். 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் ஏறத்தாழ 54 சதவீதம். எப்போதாவது இணையம் பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57. தமிழ்நாட்டுப் பெண்களின் நிலை அகில இந்திய சராசரியைவிட மேல். இருந்தும் தளம் ஜூன் வரை ஆங்கிலத்தில்தான் இருந்தது. பிறகு இந்தியோடு மாநில மொழிகள் சேர்ந்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே தமிழ் வந்தது. அதற்குள் மே மாதத்தின் ஸ்லாட் (ஊசிக்கான நேர முன்பதிவு) வேட்டை முடிந்துபோயிருந்தது. 18 வயது நிரம்பியவர்களுக்கான பதிவு ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குத் திறந்தது, ஒரே நாளில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்தார்கள். ஸ்லாட் திறக்கும் நேரம் யாருக்கும் தெரியாது. திறந்தால் சில நொடிகளில் காலி. டெலிகிராம் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவருக்குக் கிடைத்தது. அடுப்படியில் நின்றவருக்கு, இன்னொருவர் பார்த்துக் கொடுத்தால் கிடைத்தது.

கோவின் கேட்டது பெயர், பாலினம், பிறந்த ஆண்டு, அடையாள அட்டை எண். ஒரே எண்ணின் கீழ் வந்த நால்வரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று அது கேட்கவில்லை. கணவரும் மனைவியும் ஒரே நாளில் போட்டார்களா, எத்தனை வாரம் தள்ளிப் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அங்கேயே நழுவியது. பல கோடி வீடுகள் ஒரே பதிவேட்டில் இடம்பெற்ற அரிய சந்தர்ப்பம் அது.

கிடைத்த பெரிய எண் இதுதான்: 2021 ஜூன் 25 வரை இந்தியாவில் போடப்பட்ட சுமார் 31 கோடி டோஸ்களில் ஆண்களுக்கு ஏறத்தாழ 16.7 கோடி, பெண்களுக்கு 14.3 கோடி. ஆண்களுக்குப் போட்ட ஒவ்வொரு 1,000 டோஸுக்கும் பெண்களுக்கு 856. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பாலின விகிதமே 1,000 ஆண்களுக்கு 943 பெண்கள்தான் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் இருக்கிறது. அறுபதைத் தாண்டியவர்களில் பெண்கள் அதிகம் என்பதால், வயது வரிசை உண்மையில் அவர்களுக்குச் சாதகமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

பயத்தின் பங்கை மறைக்க வேண்டியதில்லை. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மற்றவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காகவே, பலரறிய ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு; 17ஆம் தேதி விடியற்காலையில் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். தடுப்பூசிப் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவின் ஆய்வும் அக்டோபரில் அதையே உறுதிப்படுத்தியது. ஆனால் அந்த வாரம் தமிழ்நாட்டின் வீடுகளில் நடந்த பேச்சை எந்தக் குழு அறிக்கையும் எட்டியிருக்காது. "நீங்க இப்பப் போட வேணாம், கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்" என்று சொன்ன மனைவிகளும் உண்டு. "எனக்கு ஒண்ணு ஆனா சமாளிச்சுக்கலாம், ஒனக்கு ஆனா புள்ளைங்கள யாரு பாக்குறது" என்று சொன்ன கணவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வாக்கியம் அன்பாகவும் இருக்கிறது, கணக்காகவும் இருக்கிறது. வீட்டில் யாருடைய உடல் எதற்குத் தேவைப்படுகிறது என்பதை வைத்துத்தான் ஆபத்தைப் பங்கு போட்டார்கள்.

பெரும்பாலும் அந்தப் பங்கீடு ஒரே மாதிரி முடிந்தது: வெளியே போகிறவர் முதலில். 'அவர் நாலு இடம் போய் வர்றவர், நான் வீட்டுலதானே இருக்கேன்.' தொற்றியல் நோக்கில் இதில் பாதி உண்மை உண்டு. வெளியே செல்பவர்தான் கிருமியைக் கொண்டுவருவார். கொண்டுவந்த பிறகு யாருக்குத் தொற்றும் என்ற மறுபாதி இந்தப் பேச்சில் வராது. நோயாளியின் தலைமாட்டில் நிற்பவரும், எச்சில் தட்டைக் கழுவுபவரும், பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்ப்பவரும் வீட்டில் இருப்பவர்தான்.

மே மாதம் தமிழ்நாட்டுக்குக் கொடுமையான மாதம். 21ஆம் தேதி மட்டும் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. மே 7 அன்று பதவியேற்ற மு.க. ஸ்டாலின் அரசு முதல் நாளிலேயே சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று கையெழுத்திட்டது. மே 10 முதல் முழு ஊரடங்கு, பேருந்து ஓடவில்லை. இலவசப் பயணம் கையில் இருந்தது, ஏறுவதற்கு வண்டி இல்லை. சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் ஜூன் 21 அன்றுதான் பேருந்து மீண்டும் ஓடியது. இடைப்பட்ட நாட்களில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டிய பெண்ணுக்குக் கணவரின் இருசக்கர வண்டியின் பின்னிருக்கைதான் வழி. அவருக்கு மனமிருந்து, நேரமிருந்து, வண்டியில் பெட்ரோலும் இருந்தால் ஊசி. சமூக அறிவியலில் இதற்குப் பெரிய பெயர்கள் இருக்கின்றன; வண்டிச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்பதே போதும்.

ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. எனக்கு அதுதான் இந்த விஷயத்தின் நடுநாயகம் என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர்க்குக் கிடைத்தது கோவிஷீல்டு. அதே மருந்தை, ஆஸ்ட்ராசெனகா என்ற பெயரில், பிரிட்டனில் போட்டுக்கொண்டவர்களிடம் கைபேசிச் செயலி வழியே நடத்திய ஆய்வு ஒன்று 2021 ஏப்ரலில் லான்செட் இதழ்க் குழுமத்தில் வெளியானது. முதல் டோஸுக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சல், தலைவலி, குளிர், அசதி போன்ற உடல் முழுவதையும் தாக்கும் விளைவுகள் ஏற்பட்டிருந்தன. அவை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். 55 வயதைத் தாண்டியவர்களைவிட இளையவர்களுக்கு அதிகம். தம்பதியில் இளையவரும் பெண்ணும் ஒருவரே என்றால், படுக்கையில் விழும் வாய்ப்பு யாருக்குக் கூடுதல் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

படுக்கையில் விழுந்தால் என்ன? இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு கூறும் விவரம்: வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள், செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 'செய்யும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெண்களில் 81 சதவீதம் பேர் செய்கிறார்கள், ஆண்களில் 26 சதவீதம்தான். கணவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள் விடுப்பு, ஒரு டோலோ, இரண்டு வேளை ரசம் சாதம். மனைவிக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஐந்து மணி நேர வேலைக்கு ஆள் தேட வேண்டும். பள்ளிகளும் மூடிக்கிடந்தன, 9 முதல் 12 வரையான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8 வரை நவம்பர் 1 அன்றும்தான் திறந்தன. பிள்ளைகள் முழு நாளும் வீட்டில்.

அதனால் ஊசிக்கு முந்தைய நாளே இட்லி மாவு அரைத்து வைத்தவர்கள், புளிக்காய்ச்சல் கிண்டி வைத்தவர்கள், துணியையெல்லாம் துவைத்து முடித்தவர்கள் எத்தனையோ பேர். இருவரும் ஒரே நாளில் போட்டுக்கொண்டால் இருவரும் சேர்ந்து விழுவோம் என்று பயந்து, 'மொதல்ல நீங்க, அடுத்த வாரம் நான்' என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த அடுத்த வாரம் எல்லா வீட்டிலும் அடுத்த வாரமாகவே வரவில்லை. அதற்குள் மையத்தில் மருந்து தீர்ந்திருக்கும், மாமியாருக்கு உடம்பு முடியாமல் போயிருக்கும், ஊரடங்கு இறுகியிருக்கும். தள்ளிப்போட்டவர் எப்போதும் இரண்டாம் இடத்தில் இருந்தவர். இதைத் தயக்கம் என்று பதிவு செய்தால் ஒரு நிர்வாகச் சிக்கலை மனநிலையாக மாற்றிவிடுகிறோம்.

சில வீடுகளில் இது தலைகீழாகவும் நடந்தது என்பதை விட்டுவிடக் கூடாது. அந்தக் காய்ச்சல் நாளில்தான் முதன்முறையாகக் குக்கரில் எத்தனை விசில் வைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஆண்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்தவர்களுக்கு, பகல் பதினொரு மணிக்கு வீடு எப்படி இருக்கும் என்பது 2020லேயே தெரிந்துபோயிற்று. அந்த அறிவு பழக்கமாக மாறியதா என்பது வேறு கேள்வி.

தேதிகள் ஓயாமல் நகர்ந்தன. கோவிஷீல்டின் இரு டோஸ்களுக்கு இடையே முதலில் 4 முதல் 6 வாரம். மார்ச் 22 அன்று 6 முதல் 8 வாரம் என்றார்கள். மே 13 அன்று 12 முதல் 16 வாரம். ஏப்ரல் 10 அன்று முதல் ஊசி போட்டவர் ஜூன் முதல் வாரத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்றிருந்தார். ஜூலை 3க்கு முன் இல்லை என்றானது. கோவாக்சின் போட்டவருக்கு நான்கே வாரம். தொற்று வந்து குணமானவர் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று மே 19 அன்று இன்னொரு விதி. கணவருக்குக் கோவிஷீல்டு, மனைவிக்குக் கோவாக்சின், நடுவில் ஒருவருக்குத் தொற்று என்றால் அந்த வீட்டின் காலண்டர் ஜோசியரிடம் காட்ட வேண்டிய கட்டம்போல் ஆகிவிடும். இருவரும் 'முழுமையாகப் போட்டவர்கள்' ஆகும் நாள்வரை யார் ரேஷன் கடைக்குப் போவது, யார் துக்க வீட்டுக்குப் போவது என்பதை டோஸ் எண்ணிக்கை தீர்மானித்தது. மாநில அரசின் கொரோனா நிவாரணத் தொகையின் முதல் தவணை 2,000 ரூபாய் வாங்க டோக்கனோடு நிற்பதற்கு, ஒரு டோஸாவது போட்டவரை அனுப்புவதே புத்திசாலித்தனம் என்று பட்டது.

கருவுற்ற பெண்கள் இருந்த வீடுகளின் நிலைமை தனி. தொடக்கத்தில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஊசி இல்லை. சோதனைகளில் அவர்களைச் சேர்க்காததால் பாதுகாப்புத் தரவு இல்லை என்பது காரணம். பாலூட்டுவோருக்கு மே 19 அன்று அனுமதி, கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 அன்று. இடையில் இரண்டாம் அலை வந்து போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இரு அலைகளையும் ஒப்பிட்டு ஜூனில் சொன்னது கசப்பானது: தொற்றிய கர்ப்பிணிகள், புதுத் தாய்மாரில் முதல் அலையில் இறந்தோர் 0.7 சதவீதம், இரண்டாம் அலையில் 5.7. அனுமதி வந்த பிறகு தமிழ்நாடு வேகம் காட்டியது. ஜூலை இறுதி நிலவரப்படி கர்ப்பிணிகளுக்குப் போட்டதில் நாட்டிலேயே முதலிடம், எண்ணிக்கை 78,000க்கு மேல். கிராம சுகாதார செவிலியரிடம் ஏற்கெனவே கர்ப்பிணிகளின் பெயர், முகவரி, மாதம் எல்லாம் இருந்ததை இதற்கு ஒரு காரணமாகச் சொல்லலாம். கோவினுக்குத் தெரியாத வீடு அவருக்குத் தெரியும்.

குழந்தைக்காகக் காத்திருந்த தம்பதிகளை வேறொன்று அலைக்கழித்தது. மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி போடக் கூடாது என்ற வாட்ஸ்அப் செய்தி ஏப்ரல் கடைசியில் பரவி, அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு மறுக்க வேண்டியதாயிற்று. மலட்டுத்தன்மை வதந்தி அதைவிடப் பிடிவாதமானது. பதில் தாமதமாக, வெளிநாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவில் சுமார் 4,000 பெண்களின் மாதச் சுழற்சியைப் பின்தொடர்ந்த ஆய்வு, ஊசிக்குப் பின் சுழற்சி ஒரு நாளுக்கும் குறைவாகவே தள்ளிப்போகிறது என்று 2022 ஜனவரியில் சொன்னது. அதே மாதம் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கருத்தரிக்க முயன்ற தம்பதிகளில் ஆணோ பெண்ணோ ஊசி போட்டது கருத்தரிப்பைக் குறைக்கவில்லை என்றும், ஆணுக்குத் தொற்று வந்தால்தான் தற்காலிகமாகக் குறையலாம் என்றும் கண்டார்கள். நம் ஊரில் ஊசி போடாதே என்று தடுக்கப்பட்டவர் மனைவி. ஆய்வு கவலைப்படச் சொன்னதோ கணவரின் தொற்றைப் பற்றி. இந்த முடிவு தமிழ் வீடுகளுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது என் எண்ணம்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவர்கள் இருந்த குடும்பங்களில், எந்த மருந்து என்பதே வாழ்வாதாரக் கேள்வி. 2021 ஏப்ரல் கடைசியில் ஐக்கிய அரபு அமீரகம் இந்தியப் பயணிகளுக்குக் கதவடைத்தது. விடுப்பில் வந்தவர்கள் ஊரில் சிக்கினார்கள். கோவாக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் நவம்பர் 3 அன்றுதான் கிடைத்தது. அதுவரை வெளிநாடு போகிறவர் கோவிஷீல்டு கிடைக்கும் மையம் தேடி அலைந்தார், வீட்டில் இருக்கப்போகிற மனைவி எது கிடைத்ததோ அதைப் போட்டுக்கொண்டார். வேலைக்காகப் போகிறவர்களுக்கு 84 நாள் காத்திராமல் 28 நாளிலேயே இரண்டாம் டோஸ் போடலாம் என்று ஜூன் 7 அன்று விதி தளர்ந்தது. வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் கணவரைப் பார்க்கும் பெண்களுக்கு அந்தக் காத்திருப்பு மாதங்கள் வருமானமில்லாத, ஆனால் துணையிருந்த மாதங்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி இடைவெளி எப்படிச் சுருங்கியது என்பதைப் பார்க்கலாம். செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுவதும் 40,000 இடங்களில் முதல் மாபெரும் தடுப்பூசி முகாம். இலக்கு 20 லட்சம்; போட்டது 28 லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, தெருமுனை என்று ஊசி நடந்துபோகும் தூரத்துக்கு வந்தது. ஸ்லாட் வேண்டாம், வண்டி வேண்டாம், ஆதார் அட்டை போதும். அக்டோபரில் முகாமை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றினார்கள். சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொன்ன காரணம்: ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, மது குடிக்கக் கூடாது என்று நம்பிப் பலர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. அந்த நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. அரசு அதனோடு வாதாடாமல் கிழமையை மாற்றியது. (நீலகிரியில் இதற்கு மாறான வழி: டாஸ்மாக் கடையில் பாட்டில் வேண்டுமா, ஊசிச் சான்றைக் காட்டு என்றார்கள். கணவருக்கு ஊசி போடவைக்க மனைவியால் முடியாததைக் கடைக்காரர் சாதித்தார்.)

கிழமை மாற்றத்தைச் சிரித்துவிட்டுக் கடக்கலாம். எனக்கு அது அந்த ஆண்டின் கெட்டிக்கார நிர்வாக முடிவுகளில் ஒன்றாகப் படுகிறது. ஞாயிறு என்பது அலுவலகக் காலண்டரில் ஓய்வு நாள். வீட்டுக் காலண்டரில் கறி வாங்கி, அரைத்து, பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் அதிக வேலை நாள். சனிக்கிழமை ஊசி போட்டு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலோடு படுத்தால், விடுமுறையில் இருக்கும் கணவராவது வீட்டில் இருப்பார். திட்டமிட்டவர்கள் இதை நினைத்துச் செய்தார்களா என்பது முக்கியமில்லை. நேரம் வீட்டுக்குப் பொருந்தியது. 2021 கடைசியில் நாட்டில் ஆண்-பெண் இடைவெளி வெகுவாகக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் கோடிக்கணக்கான பெண்களின் மனம் மாறிவிட்டது என்றும் இதை வாசிக்கலாம். தூரம், தொலைபேசி, கிழமை ஆகிய மூன்றும் மாறியதும் அவர்கள் வந்தார்கள் என்றும் வாசிக்கலாம். ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் மருந்து வரத்தும் கூடியது என்பதால் ஒன்றை மட்டும் பிரித்து நிறுவ இயலாது. என் சாய்வு இரண்டாவது வாசிப்பின் பக்கம். முகாமுக்கு வந்த பெண்களிடம் முன்பே ஏன் வரவில்லை என்று கேட்ட எந்தச் செவிலியராலும் அதற்குச் சாட்சி சொல்ல முடியும்.